ரெண்டு வருஷமா பொட்டலம் கொடுக்கிறோம், அந்தப் பொண்ணு கேட்டது வேற

ஞாயிறு நண்பன் (கேள்வி)

வணக்கம். நாங்க ஆறு பேர் சிறுசேரியில ஒரே கம்பெனியில வேலை பார்க்கிறோம். ரெண்டு வருஷமா, மாசத்துல ஒரு ஞாயிறு செய்யூர் பக்கம் ஏரிக்கரையில இருக்கிற ஒரு இருளர் பழங்குடிக் குடியிருப்புக்குப் போயிட்டு வர்றோம். 23 குடும்பம். சாப்பாட்டுப் பொட்டலம், நோட்டு, மழைக்காலத்துல தார்ப்பாய், போர்வை கொடுப்போம். பிள்ளைங்களோட ரெண்டு மணி நேரம் விளையாடிட்டுக் கிளம்பிடுவோம்.

போன மாசம் 60 பொட்டலத்தோட போய் இறங்கினா குடியிருப்புல ஆளே இல்லை. ஒரு ஆடு மட்டும் கட்டிக் கிடந்துச்சு. பக்கத்து டீக்கடையில கேட்டோம். "மாசி மகம் சார், எல்லாரும் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கன்னியம்மனைக் கும்பிடப் போயிருக்காங்க"ன்னாங்க. வருஷா வருஷம் போறாங்களாம். இவ்வளவு நாள் பழகியும் அவங்களோட பெரிய திருநாள் எதுன்னே எங்களுக்குத் தெரியலை. எனக்கு ரொம்ப வெட்கமாப் போச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போனோம். பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு, நான் நீட்டின நோட்டைக் கையில வாங்காம, "அண்ணா, எனக்கு நோட்டு வேணாம். ஜாதிச் சான்றிதழ் வாங்கித் தர முடியுமா? அது இல்லாமத்தான் எங்க அண்ணன் படிப்பை விட்டுட்டான்"னு கேட்டா. ஆறு பேர்ல ஒருத்தருக்கும் பதில் தெரியலை.

பொருள் கொடுக்கிறதை நிறுத்திடலாமா? ஞாயிறு மட்டும் நேரம் இருக்கிறவங்க உருப்படியா என்ன செய்ய முடியும்?

ஜெராக்ஸ் கடை அக்கா

தம்பி, நான் ஒரு தாலுகா ஆபீஸுக்கு எதிர்ல 14 வருஷமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். சங்கம், டிரஸ்ட் எதுலயும் நான் இல்லை. ஒரு பெரியவர் ஒரே காகிதத்தை நகல் எடுக்க மூணு தடவை வந்தாரு. ஒவ்வொரு தடவையும் ஏதோ குறைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நாலாவது தடவை கடையை எங்க அம்மாகிட்ட விட்டுட்டு நானே அவரோட உள்ள போனேன். அப்படித்தான் ஆரம்பிச்சுது.

பழங்குடிச் சான்றிதழ் மத்த ஜாதிச் சான்றிதழ் மாதிரி தாசில்தாரோட முடியாது. 1989 நவம்பர்ல இருந்து கோட்டாட்சியர் இல்லைன்னா சார் ஆட்சியர்தான் கொடுக்கணும். இ-சேவை மையத்துல பதியறது அரை மணி நேர வேலை. அதுக்கப்புறம் வர்ற விசாரணையிலதான் நின்னுடும். அப்பா வழியில ரத்த உறவுல யாருக்காவது ஏற்கெனவே சான்றிதழ் இருந்தா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. ஆனா இவங்க வேலைக்காக ஊர் ஊராப் போனவங்க. பெரியப்பா ஒரு தாலுகாவுல, அத்தை இன்னொரு மாவட்டத்துல. யார்கிட்ட சான்றிதழ் இருக்குன்னு வீட்டுக்காரங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

உங்க ஞாயிறு இதுக்குத்தான் தோதானது. அன்னைக்குத்தான் எல்லாரும் குடிசையில இருப்பாங்க. ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் பாட்டி பக்கத்துல உட்காருங்க. அவங்க அப்பா பேர், கூடப் பிறந்தவங்க, யார் எந்த ஊர்ல வாழ்க்கைப்பட்டாங்க, எல்லாத்தையும் கிளை பிரிச்சு எழுதுங்க. நான் முதல் தடவை எழுதினப்ப எங்க ஏரியாவுல 17 வீடும் ஒரே பாட்டனோட வாரிசுன்னு தெரிஞ்சுது. ஒரு சான்றிதழ் கிடைச்சதும் அதைக் காட்டி மத்த வீடுகளுக்கு ஒவ்வொண்ணா விண்ணப்பிச்சோம். எல்லாம் முடிய மூணு வருஷம் ஆச்சு.

அடுத்தது காகிதம். கூரை இடுக்குல ஒரு மஞ்சப்பை சொருகி இருக்கும். கேட்டா எடுத்துக் காட்டுவாங்க. ஒரு அம்மா பை அப்படியே என் கண்ணுல நிக்குது. ரேஷன் கார்டுல "கன்னியம்மா", ஆதார்ல "கண்ணியம்மாள்", வாக்காளர் அட்டையில "கன்னிமா". மூணும் அவங்கதான்னு எழுத்துல நிரூபிக்கச் சொல்றாங்க. பிறந்த தேதி தெரியாதவங்களுக்கு ஆதார்ல ஜனவரி 1 போட்டுடறாங்க. அந்த வீட்டுல அம்மாவுக்கு, ரெண்டு பசங்களுக்கு, மாமியாருக்கு எல்லாருக்கும் ஜனவரி 1. பசங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பிறந்து ஒரு வருஷம் தாண்டிட்டா அதைப் பதியவும் கோட்டாட்சியர் உத்தரவு வேணும். இந்தத் தப்பை ஒவ்வொண்ணாத் திருத்தாம மேல போனா எல்லாம் திரும்பி வந்துடும்.

ரேஷன் கார்டு இல்லைன்னா அரிசி மட்டும் போகல தம்பி. 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வர ஆரம்பிச்சப்ப, கார்டு இல்லாத பொண்ணுங்க என் கடை வாசல்ல வந்து நின்னாங்க. கார்டு இருந்தும் சிலருக்கு மெஷின்ல விரல் ரேகை விழாது. செங்கல் அறுத்து அறுத்துத் தேய்ஞ்சு போயிருக்கும். ஒரு அம்மா விரலைப் பிடிச்சுப் பார்த்தேன், வழவழன்னு கூழாங்கல் மாதிரி இருந்துச்சு. கண் கருவிழி வச்சுப் பதியலாம்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. முதல் தடவை ஒரு அலுவலகத்துக்கு அந்தப் பெரியவரோட போனப்ப, எனக்கு நாற்காலி போட்டாங்க. அவரு நின்னாரு. எழுபது வயசு இருக்கும். நானும் உட்கார்ந்துட்டேன். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கத் தூக்கம் வரலை. அன்னையில இருந்து அவங்களுக்கு நாற்காலி வர்ற வரைக்கும் நான் உட்கார்றதில்லை. பேச்சையும் அவங்களையே பேச விடுவேன். திக்கினாத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

மாலை வகுப்பு

சான்றிதழ் பற்றி எனக்குத் தெரியாது. படிப்பு பற்றிச் சொல்கிறேன். கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தபோது, மாநிலம் முழுக்கச் சேர்ந்த கிட்டத்தட்ட 2 லட்சம் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. ஊக்கத்தொகை மாசம் 1000.

எங்கள் ஊரில் இடம் வசதியாக இருக்கிறது என்று கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தேன். 20 பேர் வந்தார்கள். பட்டியலில் இருந்த ஏரிக்கரைப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு நாளும் வரவில்லை. "அந்த வீட்டில் அக்கறை இல்லை" என்று ஊரில் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஒரு மாசம் கழித்து ஒரு பையனிடம் நேரில் கேட்டேன். "அங்க ஏறினா திட்டுவாங்க டீச்சர்" என்றான். வகுப்பைப் பஞ்சாயத்து நூலகத் திண்ணைக்கு மாற்றினேன். மண்டபத்துக்கு வந்த நான்கு பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஏரிக்கரைப் பிள்ளைகள் ஐந்து பேரும் வந்தார்கள்.

உங்கள் ஞாயிறு விளையாட்டில் ஊர்ப் பிள்ளைகளும் சேர்கிறார்களா? இல்லையென்றால் அடுத்த தடவை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தயங்காமல் வரக்கூடிய இடமாகப் பாருங்கள்.

ஏரிக்கரைக்காரன்

அண்ணா, நான் இருளர். விழுப்புரம் மாவட்டம். எங்க குடியிருப்புல முதல்ல டிகிரி முடிச்சவன் நான்தான். அதனால வாங்கின பக்கத்துல இருந்து சொல்றேன்.

எங்க தாத்தா பாம்பு பிடிச்சுத் தோல் கொடுத்துப் பிழைச்சவரு. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அந்தத் தொழில் போச்சு. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978ல ஆரம்பிச்ச, மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்கிற பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துல சில குடும்பங்களுக்கு வழி கிடைச்சுது. 2023ல பத்மஸ்ரீ வாங்கின வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேரும் எங்க ஆளுங்க, அந்தத் தொழில்லதான் உலகம் சுத்தினாங்க. மத்தவங்க அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிட்டுப் போனாங்க. எங்க அப்பா 5000 ரூபாய்க்கு நாலு வருஷம் ஒரு ஆலையில கிடந்தாரு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்துடுச்சுன்னு அவருக்குத் தெரியாது.

நான் சான்றிதழுக்கு நின்னப்ப விசாரணைக்கு வந்தவரு, "எலி பிடிக்கத் தெரியுமா, பிடிச்சுக் காட்டு"ன்னாரு. எனக்கு 16 வயசு. அன்னைக்கு என் பக்கத்துல ஒரு காலேஜ் அண்ணன் இருந்தாரு. அவரு சண்டை போடலை. "சார், இதை எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் தர்றோம்"னு நிதானமாச் சொன்னாரு. அதுக்கு மேல அந்தக் கேள்வி வரலை. அந்த ஒரு வரியைச் சொல்ல ஒருத்தர் கூட நின்னதுதான் எனக்குக் கிடைச்ச உதவி.

ஜெராக்ஸ் கடை அக்கா சொன்னது எல்லாம் சரி. பொட்டலத்தைப் பத்தி மட்டும் நான் ஒண்ணு சொல்லிடறேன். நிறுத்திடாதீங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில சூளை கிடையாது, வயல் வேலை கிடையாது. அப்ப அரிசி வந்தா அடுப்பு எரியும். ஆனா அரிசியாக் கொடுங்க, எங்க அம்மாவுக்குச் சமைக்கத் தெரியும். போட்டோ எடுக்காதீங்க. ஏழாவது படிக்கும்போது நான் பொட்டலம் வாங்கினதை ஒருத்தர் எடுத்தாரு. அதைப் பார்த்துட்டு வகுப்புல ஒருத்தன் என்னைப் "பொட்டலம்"னே பேர் வச்சுக் கூப்பிட்டான், ரெண்டு வருஷம்.

இன்னொண்ணு. தை மாசத்துல சில குடும்பம் காணாமப் போகும். சூளைக்குப் போயிருப்பாங்க, பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு. போறதுக்கு முன்னாடி பிள்ளையோட எமிஸ் நம்பரை, அதாவது பள்ளிக்கூடப் பதிவுல இருக்கிற மாணவர் எண்ணை, எழுதிக் கையில கொடுத்துடுங்க. அது இருந்தா சூளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறது சுலபம். எத்தனை முன்பணம் வாங்கினாங்க, எந்த ஊர் சூளைன்னும் கேட்டு வச்சுக்கோங்க. திரும்பி வரலைன்னா தேட ஒரு ஊர் பேராவது வேணும்.

ஞாயிறு நண்பன்

மூணு பேருக்கும் நன்றி. நேத்து பொருள் எதுவும் எடுக்காம, நாலு பேர் நோட்டோட போனோம். வித்தியாசமா இருக்கும்னு பயந்தேன், ஆனா பாட்டி மூணு மணி நேரம் பேசினாங்க. நடுவுல எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டாங்க. இத்தனை நாள்ல அவங்க வீட்டுல நாங்க சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

அந்தப் பொண்ணோட சித்தப்பா மதுராந்தகம் பக்கம் இருக்காரு. அவரு பையனுக்குச் சான்றிதழ் இருக்கு! போன்ல பேசிட்டோம், நகல் தர்றேன்னாரு. வம்சாவளியை எழுதினது அந்தப் பொண்ணுதான், நாங்க பேரை மட்டும் சொல்லிக்கிட்டே வந்தோம். போட்டோவை எல்லாம் எங்க குரூப்ல இருந்தும் மத்த இடத்துல இருந்தும் அழிச்சாச்சு.

அடுத்த திங்கள் நானும் இன்னொருத்தரும் லீவு போட்டுட்டுப் பொண்ணையும் அவங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம். அக்கா, என்னென்ன எடுத்துக்கணும்?

ஜெராக்ஸ் கடை அக்கா

சித்தப்பா பையன் சான்றிதழ் நகல் மட்டும் போதாது, அசலைப் பார்க்கக் கேட்டாலும் கேட்பாங்க, அவரையும் ஒரு நடை வரச் சொல்லுங்க. பொண்ணோட மாற்றுச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, அப்பா ஆதார், வம்சாவளி. எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு நகல். பேர் எழுத்து ஒத்துப்போகுதான்னு ஞாயித்துக்கிழமையே பார்த்துடுங்க. ரசீது எண்ணை அந்தப் பொண்ணு நோட்டுலயே எழுதச் சொல்லுங்க.

அவங்க அம்மாவுக்கு அன்னைக்குக் கூலி போயிடும் தம்பி. அந்தப் பணத்தைப் போறதுக்கு முன்னாடியே கையில கொடுத்துடுங்க.