சோபாவுக்குப் பின்னால் மார்பிள் கன்சோல் டேபிள்: மெல்லிய கால் தாங்குமா?

வரவேற்பறை:
வணக்கம். எங்கள் ஹாலில் சோபாவின் முதுகுப் பக்கம்தான் சாப்பாட்டு மேஜை. நடுவில் ஒரு கன்சோல் டேபிள் (நீளமான, ஒடுக்கமான மேஜை) செய்யக் கொடுக்கப் போகிறேன். சோபா நீளம் 84 இன்ச், முதுகு உயரம் 33 இன்ச். அங்கிருந்து சாப்பாட்டு நாற்காலி வரை 54 இன்ச் இடம். மேலே 18 மி.மீ. வெள்ளை மார்பிள், கீழே கறுப்பு இரும்புக் கால், எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு. என்ன அளவு வைக்கலாம்? ஆடாமல் நிற்குமா? வீட்டில் சின்னக் குழந்தை உண்டு.

அளவுநாடா:
நீளம் 60, அகலம் 12, உயரம் 32 இன்ச். சோபா முதுகைவிட ஒரு இன்ச் தாழ்ந்திருந்தால், முன்னால் இருந்து பார்க்கும்போது கல்லின் விளிம்பு தலை நீட்டாது. நீளம் சோபாவில் முக்கால் பங்கைத் தாண்டினால் தடுப்புச் சுவர் மாதிரி ஆகிவிடும்.

அந்த 54 இன்ச்சை நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு தரம் அளந்து பாருங்கள். டேபிள் போக 36 இன்ச்சாவது நடக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அகலத்தை 10 ஆக்கலாம். ஆனால் குழந்தை உள்ள வீட்டில் எனக்கு அது பிடிக்கவில்லை.

இரும்புப்பட்டறை:
ஆடுவதைவிடச் சாய்வதுதான் இங்கே பெரிய கவலை. 60 x 12 இன்ச், 18 மி.மீ. மார்பிள் சுமார் 22 கிலோ. 25 x 25 மி.மீ. சதுர டியூபில், 2 மி.மீ. கனத்தில், மேலும் கீழும் சட்டம் வைத்தால் இரும்பு ஏறக்குறைய 15 கிலோ. மொத்தம் 37. இவ்வளவு கனம் இருந்தும், மேல் விளிம்பை நடைபாதைப் பக்கம் 7 கிலோ விசையில் இழுத்தால் சாய ஆரம்பிக்கும். அழகுக்காகக் காலை இரு பக்கமும் 2 இன்ச் உள்ளே தள்ளினால் 4.5 கிலோவே போதும். அதனால் கால் கல்லின் ஓரத்தோடு ஓரமாக இருக்கட்டும்.

கீழ்ச் சட்டத்தைத் தரையிலிருந்து 5 இன்ச் உயரத்தில் வைத்து, அதிலும் ஒரு மார்பிள் பலகை போடுங்கள். சாய்க்கத் தேவையான இழுவிசை 10 கிலோவைத் தாண்டும். நீளவாட்டு ஆட்டமும் அடங்கும். கீழ்ச் சட்டமே இல்லாத டிசைனில் ஆட்டம் முழுவதையும் நாலு மூலை வெல்டிங்தான் தாங்கியாக வேண்டும். இத்தனைக்குப் பிறகும் குழந்தை தொங்கினால் சாயலாம், ஆகவே சோபாவின் மரச் சட்டத்தோடு இரண்டு எல்-கிளாம்ப் போட்டுப் பிணைத்துவிடுங்கள்.

பட்டறையில் சொல்ல வேண்டியது: முதலில் எல்லா மூலையிலும் புள்ளி வெல்டிங், மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று அளப்பது, பிறகு எதிரெதிர் மூலையாக முழு வெல்டிங். ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டே போனால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கால் அடியில் எம்8 (8 மி.மீ.) நட் வெல்டிங் செய்து லெவலர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் கால்) போடவும். பவுடர் கோட்டிங்கின்போது நட்டுக்குள் பழைய போல்ட் ஒன்றை முடுக்கி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மரை அடைத்துக்கொள்ளும்.

கல்தச்சு:
கல்லைச் சட்டம் தயாரான பிறகே அளந்து வெட்டுங்கள். மேல் சட்டத்தில் 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். வெள்ளை மார்பிள் ரேகை ஓடும் இடத்தில்தான் விரிசல் விடும். தூக்கும்போதும் படுக்கவைத்துத் தூக்காமல், விளிம்பில் நிறுத்தியே தூக்க வேண்டும்.

ஒட்ட, நியூட்ரல் வகை சிலிக்கான் மட்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் மார்பிளை அரிக்கும். 20 செ.மீ.க்கு ஒரு பொட்டு, விளிம்பிலிருந்து 1 இன்ச் உள்ளே. விளிம்பு வரை தடவினால் சிலிக்கானின் எண்ணெய் ஊறி, வெள்ளைக் கல்லில் கறை மாதிரித் தெரியும்.

பக்கத்திலேயே சாப்பாட்டு மேஜை என்பதால் ஒன்று: சீலர் (கல் எதையும் உறிஞ்சாமல் இருக்கப் பூசுவது) கறையைத்தான் தடுக்கும். எலுமிச்சை, தக்காளி பட்டால் பாலிஷ் மங்குவதை அது தடுக்காது. பளபளப்புக்குப் பதில் ஹோன்ட் பாலிஷ் (மினுமினுப்பில்லாத வழவழப்பு) எடுத்தால் அந்தத் தடம் அவ்வளவாகக் கண்ணில் படாது.

வரவேற்பறை:
மிக்க நன்றி. கீழ்ப்பலகையும் சேர்த்தே செய்யச் சொல்கிறேன். மேலே ஒரு லேம்ப் வைக்க எண்ணம். வயருக்குக் கல்லில் ஓட்டை போடலாமா?

கல்தச்சு:
வேண்டாம். 12 இன்ச் அகலக் கல்லில் ஓட்டை போட்டால் அந்த இடமே பலவீனமாகும். சோபாவுக்கும் டேபிளுக்கும் 1 இன்ச் இடைவெளி விட்டு, வயரைப் பின்காலின் உள்பக்கம் கிளிப் போட்டு இறக்குங்கள். நடைபாதைப் பக்கம் வயர் தொங்கவே கூடாது, குழந்தை பிடித்து இழுத்தால் லேம்ப் தலையில் விழும்.