மறு: ‘அக்ரசிவ் ஆஞ்சியோமிக்ஸோமா’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

> ‘மூர்க்கக் குருதிக்குழல் சளிக்கட்டி’ என்று வைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

பெரும்பாலும் பெண்களின் இடுப்புக்கூட்டிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் வரும் ஓர் அரிய கட்டியின் பெயர் இது. நீங்கள் சொன்னதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேலத்தில் இதை ஒப்புதல் படிவத்தில் அச்சடித்துக் கொடுத்தால், ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண் கையெழுத்துப் போடாமலே திரும்ப மலையேறிவிடுவார். அந்தப் படிவத்தைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்ததால்தான் குழுவைத் தொந்தரவு செய்கிறேன்.

முதலில் ‘மூர்க்க’. 1983இல் ஸ்டீப்பர், ரோசாய் என்ற நோயியல் மருத்துவர்கள் ஒன்பது பெண்களிடம் கண்ட கட்டியை விவரித்தபோது வைத்த அடைமொழி அது. வெட்டி எடுத்த இடத்திலேயே, சில சமயம் பல வருடம் கழித்தும், திரும்ப வரும். மற்றபடி வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடே ‘ஆழ்’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நமக்கும் அது போதும், ஏனென்றால் இதன் குணமே ஆழம்தான். வெளியே பிறப்புறுப்பின் உதட்டில் எலுமிச்சை அளவு தெரியும், எம்.ஆர்.ஐ. எடுத்தால் இடுப்புக்கூட்டுக்குள் தேங்காய் அளவு கிடக்கும். பார்த்தோலின் நீர்க்கட்டி (பிறப்புறுப்பு வாயிலில் உள்ள சுரப்பியில் வருவது), கொழுப்புக்கட்டி, குடலிறக்கம் என்றெல்லாம் முதலில் ஏமாறுவது இதனால்தான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நீர்க்கட்டி என்று நினைத்துக் கீறியே விட்டார்கள். ஒரு சொட்டு நீர் வரவில்லை.

அடுத்து ‘சளி’. மிக்ஸோ என்பதற்குக் கிரேக்கத்தில் அதுதான் பொருள், மறுக்கவில்லை. ஆனால் “நெஞ்சுச் சளி அங்க எறங்கிருச்சுங்களா?” என்று கேட்பார்களே! ‘இழுது’ அழகான சொல், ஆனால் பழைய வழக்கில் நெய், கொழுப்பு என்று பொருள், கொழுப்புக்கட்டியோடு குழம்பும். ஜவ்வரிசி ஊர்க்காரன் என்பதால் ‘ஜவ்வு’ என்று எழுதக் கை துறுதுறுத்தது. படிப்பவர் சவ்வு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

வெட்டியெடுத்த கட்டியைப் பார்த்தால் வெளிறி, மினுமினுப்பாக, தொட்டால் வழுக்கிக்கொண்டு இருக்கும். சித்திரை மாதம் மலையடிவாரத்தில் சீவிக் கொடுக்கிற நுங்கேதான். எனவே நுங்குக்கட்டி. மருத்துவ நூல்களில் சாக்லேட் நீர்க்கட்டியும் ஜாதிக்காய் ஈரலும் இருக்கும்போது நுங்கு மட்டும் என்ன குறைச்சல்?

‘ஆழ்குழல்’ என்று தொடங்கினால் நம் ஊரில் போர்வெல் லாரிதான் கண்ணில் வரும். ஆகவே குழலை விட்டு நாளம் என்று மாற்றினேன்: ஆழ் நாளநுங்குக்கட்டி.

சிகிச்சைப் பகுதியில் பெரிய சிக்கல் இல்லை. ரிசெப்டருக்கு, அதாவது ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு, ‘ஏற்பி’ நிலைத்துவிட்டது. இந்தக் கட்டியில் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் இருப்பதால், அந்த ஹார்மோன்களைக் குறைக்கும் லியூப்ரோலைடு போன்ற ஊசியால் அதைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். மூத்திரப்பையையும் மலக்குடலையும் காப்பாற்ற வேண்டி, கொஞ்சம் மீதி விட்டும் எடுக்கிறார்கள். அப்புறம் பல வருடம் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். ‘மீள்தோற்றம்’ என்று ஒருவர் அனுப்பியிருந்தார். படிவத்தில் ‘திரும்ப வருதல்’ என்றே விட்டுவிட்டேன்.

—

தம்பி, நாளம் சரி, ஆழமும் சரி. ஆனால் நுங்கைக் குத்தினால் நீர் வருமே? நீர்க்கட்டி என்று கீறியவர்களைக் குறை சொல்லிவிட்டு, நீங்களே நீர் உள்ள காயின் பெயரை வைக்கிறீர்களே.

—

ஐயா, வசமாக மாட்டிக்கொண்டேன். முற்றின நுங்கில் நீர் இருக்காது என்று வாதாடலாம். ஆனால் அது கல்லாக இருக்கும், வழுக்காது. பெயரை விட மனம் வரவில்லை. படிவத்தில் பெயருக்குக் கீழேயே ‘உள்ளே நீர் இல்லை, கீறினால் வடியாது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.