குழந்தைகள் இல்லத்துக்குத் தீபாவளிப் பரிசு: அலுவலகத்தில் எப்படித் திரட்டுவது?

கேள்வி (கடலூர் சிப்காட் பகுதியில் பணிபுரிபவர்)

அனைவருக்கும் வணக்கம். சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு நிறுவனத்தின் அலுவலகப் பிரிவில் பணியாற்றுகிறேன். இந்தத் தீபாவளிக்குப் பெற்றோர் ஆதரவு இல்லாத குழந்தைகளுக்குப் புத்தாடையும் பரிசும் வழங்கலாம் என்று ஊழியர்கள் முடிவு செய்து, பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எங்களில் பலர் புதுச்சேரியிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். ஆகவே அங்குள்ள இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று சிலரும், கடலூரிலேயே கொடுக்க வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். இல்லத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, பணமாகத் திரட்டுவதா பொருளாகத் திரட்டுவதா, பரிசளிப்பை ஒரு சிறு விழாவாக நடத்தலாமா என்று தெரியவில்லை. வீட்டில் உள்ள பழைய துணிகளைத் தரவும் சிலர் விரும்புகிறார்கள். எதைச் செய்தாலும் குழந்தைகளின் மனம் நோகக்கூடாது என்பதே என் முதல் கவலை.

பதில் 1 (புதுச்சேரி, தம் அலுவலகத்தில் இப்பணியை ஒருங்கிணைப்பவர்)

இல்லம் எந்த ஊரில் இருக்கிறது என்பதைவிட, அது பதிவு பெற்றதா என்பதை முதலில் பாருங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கடலூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் கேட்டால், எந்தெந்த இல்லங்கள் பதிவில் உள்ளன என்பதோடு, எந்த இல்லத்துக்கு ஏற்கெனவே பலர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், எங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதும் தெரிந்துவிடும். புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம் என்பதால், இங்குள்ள இல்லங்களைப் பற்றி இங்குள்ள மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடம் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது பட்டியல். கடைக்குப் போவதற்கு முன்பே இல்லத்திடமிருந்து ஒவ்வொரு குழந்தையின் வயது, சட்டை அளவு, செருப்பு அளவு, விருப்பம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பெயர்களை இல்லமே வைத்துக்கொள்ளட்டும், உங்களுக்குப் பெயருக்குப் பதிலாக வரிசை எண் மட்டும் போதும். வயதை மட்டும் வைத்துத் துணி எடுத்தால் அளவு சரியாக அமையாது. பணமாகத் திரட்டி, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே கடையில் வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஊழியர்கள் தனித்தனியே வாங்கினால், ஒரு குழந்தைக்கு இரண்டாயிரம் ரூபாய் உடையும் பக்கத்துப் படுக்கையில் உள்ள குழந்தைக்கு நானூறு ரூபாய் உடையும் போய்ச் சேரும். அந்த வேறுபாட்டைக் குழந்தைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ மொத்தமாக எடுக்கும்போது விலையும் குறையும். பண்டிகைக்குப் பிறகும் அளவு மாற்றித் தருவதாகக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். ஐப்பசி மழையை மறந்துவிடாமல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி, தரையில் அடுக்காமல் மேசை மீது வையுங்கள்.

பதில் 2 (கடலூர், குழந்தைகள் இல்லம் ஒன்றில் பணிபுரிபவர்)

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். உள்ளே இருந்து பார்க்கிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

இல்லத்தில் இருக்கும் குழந்தைகள் அனைவரும் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். தாயோ தந்தையோ பாட்டியோ உயிரோடு இருந்தும், வளர்க்க வழியில்லாமல் இங்கே சேர்க்கப்பட்டவர்கள் ஏராளம். அவர்கள் தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். எனவே பண்டிகைக்கு முதல் நாள் நீங்கள் வந்தால் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை புதுச்சட்டையைத் தன் வீட்டில், தன் அம்மாவின் கையால் மஞ்சள் தடவிப் போட்டுக்கொள்ள முடியும்.

விழா வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். மேடை போட்டு, பேசி முடிக்கும்வரை குழந்தைகளை வரிசையில் உட்கார வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நன்றி சொல்ல வைப்பது அவர்களைக் கூசச் செய்கிறது, குறிப்பாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை. பொருள்களை அலுவலக அறையில் ஒப்படைத்துவிடுங்கள், நாங்கள் கொடுத்துக்கொள்கிறோம். நேரில் வர விரும்புகிறவர்கள் வேறொரு நாளில், இல்லத்தின் அனுமதியோடு வந்து கேரம் ஆடலாம், கணக்குச் சொல்லித் தரலாம். புகைப்படம் எடுக்கவே கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உங்கள் நிறுவனத்தின் முகநூல் பக்கத்துக்குப் படம் தேவையென்றால், கட்டி வைத்த பரிசுப் பொட்டலங்களைப் படம் எடுங்கள்.

வருகிற பரிசுகளில் பெரும்பகுதி ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கானவை. பதினைந்து வயதுப் பையனுக்கு எதைத் தருவது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அவனுக்குக் கிரிக்கெட் மட்டையோ கைக்கடிகாரமோ பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்குத் துணியின் நிறத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஆசை உண்டு, அதற்காகக் கடையில் எடுத்த படங்களை எங்களுக்கு முன்கூட்டி அனுப்பலாம். உள்ளாடை, துண்டு, சானிட்டரி நாப்கின் போன்றவற்றை யாரும் பரிசாக நினைப்பதில்லை, ஆனால் அவற்றுக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை, நோட்டுப் புத்தகம், பை ஆகியவற்றை அரசே தருகிறது. அவற்றை மீண்டும் வாங்க வேண்டாம்.

பழைய துணி கூடவே கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு லாரி லாரியாக வந்த பழைய துணிகள், எடுப்பார் இல்லாமல் சாலையோரங்களில் மழையில் கிடந்ததைக் கடலூர்க்காரர்கள் மறக்கவில்லை. எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களும் அவற்றைத் தொடவில்லை என்றால், பண்டிகை நாளில் ஒரு குழந்தைக்கு எப்படி அதைக் கொடுப்பது?

பதில் 3 (கணக்குப் பிரிவில் பணிபுரிபவர்)

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வசூலைத் தனி ஒருவரின் ஜிபே கணக்கில் மாதக்கணக்கில் வைத்திருக்காமல், வந்ததும் செலவானதும் எல்லோரும் பார்க்கும்படி ஒரு தாளில் எழுதி, கடை ரசீதுகளோடு ஒட்டி வையுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மட்டும் வெளியிட வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுத் தீபாவளிக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுக்க நேரிடும். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று நாம் சொல்லும் வரிக்கழிவு, பொருளாகத் தரும் நன்கொடைக்குக் கிடையாது. ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் பயன்படாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு வருத்தம் வராது.

பதில் 4 (கடலூர் மாவட்டக் கிராமப் பள்ளி ஆசிரியர்)

இல்லங்களுக்கு வெளியேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் செங்கல் சூளைக்குப் போகும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகள் எந்த இல்லத்தின் பதிவேட்டிலும் இல்லை. மழைக்காலத்தில் சூளை வேலை இருக்காது என்பதால் தீபாவளி நேரத்தில்தான் வீட்டில் காசு மிகவும் குறைவு. உள்ளூர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் பட்டியல் கிடைக்கும். ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தால் அங்குள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அக்காவுக்குக் கொடுத்துத் தம்பியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. விழா யோசனையையும் பழைய துணியையும் கைவிடச் சொல்லி இன்று மாலைக் கூட்டத்தில் பேசப் போகிறேன். திங்கட்கிழமை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், இதுவரை யாரும் அதிகம் போகாத இல்லம் எது என்று கேட்கிறேன். ஆசிரியர் ஐயா, தொகை மீதமானால் உங்கள் பகுதிக் குடியிருப்புக்கு எத்தனை பிள்ளைகளுக்கு எந்த அளவில் தேவை என்று தெரிவிக்க முடியுமா?