சென்னையிலிருந்து ராமேஸ்வரம்: கேரியர் வைக்கலாமா, சீட் பையே போதுமா?

நெய்தல்_சக்கரம்:

பொங்கல் முடிந்த கையோடு சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலைதான், புதுச்சேரி, சிதம்பரம், காரைக்கால், வேதாரண்யம், தொண்டி என்று அவசரமில்லாமல் ஏழு நாள். கூடாரம், அடுப்பு எதுவும் கிடையாது. ராத்திரி லாட்ஜ், சாப்பாடு வழியில் கிடைப்பது.

வண்டி சாதாரண ஹைபிரிட் (ரோடு பைக்குக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுத்தரம்). அலுமினிய ஃபிரேம், 35 மி.மீ. டயர், டிஸ்க் பிரேக், பின்வீலில் 32 கம்பி. போன மாதம் முதுகுப் பையோடு மாமல்லபுரம் வரை போய்ப் பார்த்தேன். திரும்பும்போது கோவளம் தாண்டுவதற்குள் தோள்பட்டை போயே போச்சு, சட்டை முதுகோடு ஒட்டி உப்புப் பூத்துவிட்டது. இனி சுமை என் மேல் வேண்டாம், வண்டி மேல் இருக்கட்டும்.

சிக்கல் இதுதான்: பின் அச்சுக்குப் பக்கத்தில் இருபுறமும் ஒரே ஒரு ஓட்டை, அதிலும் மட்கார்டு கம்பி மாட்டியிருக்கிறது. மேலே சீட்டுக்குக் கீழே ஓட்டையே இல்லை. கடைக்காரர் "இதுக்குக் கேரியர் வராது சார்" என்று கைவிரித்துவிட்டார். நெட்டில் பார்த்தால் கேரியரே வேண்டாம், சீட்டுக்குப் பின்னால் ஒரு நீளப் பை போதும் என்கிறார்கள். பட்ஜெட் 5,000 ரூபாய், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. என்ன செய்யலாம்?

மூன்றாம்_கியர்:

பை வாங்குவதற்கு முன்னால் கொண்டுபோகப்போகும் அத்தனையையும் கட்டிலில் பரப்பி எடை போடுங்கள். பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும். நிறைய பேர் பையை முதலில் வாங்கிவிட்டு அது நிறையும் வரை திணிக்கிறார்கள். 40 லிட்டர் பை வாங்கினால் 40 லிட்டருக்கும் வீட்டில் சாமான் இருக்கும். லாட்ஜில் தங்குகிற பயணத்துக்கு ஆறேழு கிலோவே தாராளம்.

கேரியர் வராது என்பது தப்பு. மேலே ஓட்டை இல்லையென்றால் சீட் கம்பத்தை இறுக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு, கேரியருக்கென்றே இரண்டு பக்கமும் ஓட்டை வைத்த வளையம் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். வளையத்தின் அளவு முக்கியம், பழையதிலேயே பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். கீழே ஒரே ஓட்டை என்றால் மட்கார்டு கம்பியையும் கேரியர் காலையும் ஒரே போல்ட்டில் மாட்டலாம், கொஞ்சம் நீளமான எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்டாக. ஆனால் கேரியர் கால் ஃபிரேமை ஒட்டி உள்பக்கம், மட்கார்டு கம்பி வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் சுமை ஃபிரேமிலிருந்து தள்ளி நின்று போல்ட்டை வளைக்கும். டிஸ்க் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) கேரியர் காலில் இடிக்கிறதா என்றும் பாருங்கள், இடித்தால் டிஸ்க் வண்டிக்கென்று கால் விரிந்த கேரியர் தனியாக உண்டு, அதை வாங்குவது மேல்.

அப்புறம் குதிகால். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஹைபிரிட்டில் பின்வீல் கிட்டவே இருக்கும், பக்கவாட்டுப் பை மாட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் தட்டும். முதல் பத்து கிலோமீட்டர் தெரியாது, நூறாவது கிலோமீட்டரில் பைத்தியம் பிடிக்கும். முன்பக்க அடிமூலை சரிவாக வெட்டியிருக்கும் சின்னப் பையாக எடுங்கள், கொக்கிகளைப் பின்னால் நகர்த்த முடிகிறதா பாருங்கள், நீங்கள் ஓட்டப்போகும் அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்னொன்று, போல்ட். இரண்டு வருடம் முன்னால் இதே சாலையில் முத்துப்பேட்டை தாண்டியதும் பின்னால் 'டக், டக்' என்று சத்தம். பூட்டுதான் ஆடுகிறது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு அரைமணி நேரம் மிதித்தேன். ஒரு வேகத்தடையில் சத்தம் நின்றது, கேரியரே இடப்பக்கம் சரிந்தது. கீழ் போல்ட் எங்கேயோ விழுந்திருக்கிறது, கால் டிஸ்க்கை உரசிக்கொண்டு நிற்கிறது, சுற்றிலும் உப்பளமும் வெயிலும்தான். அப்போதுதான் தண்ணீர் பாட்டில் கூண்டு கண்ணில் பட்டது. அதுவும் எம்5 போல்ட்தான்! இரண்டில் ஒன்றைக் கழற்றிக் கேரியரில் போட்டேன். மிச்சப் பயணம் முழுக்கப் பாட்டில் கூண்டு ஒற்றைப் போல்ட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது, ஆனால் வந்தது. அன்றிலிருந்து போல்ட் கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விடாமல் கேரியர் போல்ட் மாட்டுவதில்லை, தினமும் காலையில் 4 மி.மீ. ஆலன் சாவியால் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவேன்.

வெறுங்கை_பயணி:

மூன்றாம் கியர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஆறு கிலோவுக்குக் கேரியர் எதற்கு? கேரியரும் அதற்கான பைகளுமே இரண்டரை, மூன்று கிலோ வந்துவிடும். நான் சீட்டுக்குப் பின்னால் 12 லிட்டர் பை, ஃபிரேம் முக்கோணத்தில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒரு உருளை, அவ்வளவுதான். கழன்று விழ போல்ட்டே கிடையாது. ஒழுங்காக அடுக்கத் தெரிய வேண்டும், கனமான டூல், பவர் பேங்க் எல்லாம் ஃபிரேம் பையில், துணி மட்டும் சீட் பையில். பின்பை நுனியில் கனத்தை வைத்தால் நின்று மிதிக்கும்போது மாட்டு வால் மாதிரி ஆடும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி லாட்ஜில் ஒரு சட்டை எடுக்க மொத்தப் பையையும் கொட்ட வேண்டும். வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால் வைக்க இடம் இருக்காது.

குட்டை_ஃபிரேம்:

சீட் பை எல்லோருக்கும் ஒத்துவராது. நான் ஐந்தடி ஓர் அங்குலம். என் வண்டியில் சீட்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. புதுச்சேரிக்குப் போனபோது ஒவ்வொரு குழியிலும் பை டயரில் உரசி, போய்ச் சேர்ந்து பார்த்தால் அடிப்பக்கம் தேய்ந்து உள்ளே இருந்த சுடிதாரில் நாலணா அளவு ஓட்டை. நெய்தல், நீங்கள் எவ்வளவு உயரம்? சீட்டிலிருந்து டயர் வரை அளந்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

பழைய_ராலே:

தம்பி, இவ்வளவு யோசனை எதற்கு? எங்கள் ஊர்ப் பால்காரர் 35 வருடமாக இரும்புக் கேரியரில் இரண்டு பக்கமும் கேன் மாட்டிக்கொண்டு போகிறார். இரும்பு ஒடிந்தால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஐந்து நிமிடத்தில் ஒட்டித் தருவார்கள். அலுமினியம் ஒடிந்தால் அதே பட்டறையில் தலையைச் சொறிவார்கள், அதற்கு வேறு மெஷின் வேண்டும். கட்டுவதற்குப் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம், அந்தக் கொக்கி தெறித்து முகத்தில் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம்_கியர்:

ஐயா சொல்வது அவருடைய இரும்பு ஃபிரேமுக்குச் சரி. நெய்தலுடையது அலுமினியம், அதில் இரும்புக் கேரியரை ஃபிரேமோடு இறுக்கும் பழைய பட்டைக் கிளிப்பைப் போட்டு முறுக்கினால் குழாய் நசுங்கும். டியூப் யோசனைக்கு என் ஓட்டு.

மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜனவரியில் பெரிதாக இருக்காது, ஆனாலும் டெல்டா பக்கம் ஒரு தூறல் போட்டுப் பார்க்கும். ஆர்ட்லீப் கம்பெனிப் பை மாதிரி வாயைச் சுருட்டி மூடும் பைக்குள் தண்ணீர் போகாது, விலைதான் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். மற்ற பைகளில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்தால் துணி தாங்கும், தையல் தாங்காது. உரமூட்டைக்குள் வரும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்து உள்ளே போடுங்கள், அதில் துணியை வைத்து வாயைச் சுருட்டிக் கட்டினால் போதும்.

காற்றும் உண்டு. நீங்கள் தெற்கே போகும்வரை வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். மண்டபத்தில் கிழக்கே திரும்பியதும் அதே காற்று இடப்பக்கத்தில் அறையும். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், ஒதுங்க இடமில்லை, பக்கத்தில் பஸ் கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று திரும்ப அடிக்கும். அங்கே புடைத்து நிற்கும் பெரிய பை பாய்மரம்தான். கேரியர் மேலே உயரமாக எதையும் கட்டாதீர்கள்.

நெய்தல்_சக்கரம்:

எடை போட்டேன், 9.4 கிலோ! நம்பவே முடியவில்லை. சங்கிலிப் பூட்டு மட்டும் ஒன்றே முக்கால், ஜீன்ஸ் முக்கால், டர்க்கி டவல் அரைக் கிலோ. பூட்டுக்குப் பதில் கம்பிப் பூட்டு, சைக்கிளை ரூமுக்குள் விடும் லாட்ஜாகப் பார்த்துக்கொள்கிறேன். ஜீன்ஸுக்கு லுங்கி, டவலுக்கு ஈரிழைத் துண்டு. இப்போது ஏழு கிலோ அளவுதான்.

உயரம் ஐந்தடி நான்கு, சீட்டிலிருந்து டயர் வரை 17 செ.மீ.தான். அதனால் சீட் பை இல்லை. ஓட்டை வைத்த வளையம், டிஸ்க் வண்டிக்கான அலுமினியக் கேரியர், பத்துப் பத்து லிட்டரில் ஒரு ஜோடி சின்னப் பை என்று முடிவு. ஒரு பக்கம் மட்டும் ஒரே பை மாட்டினால் வண்டி இழுக்குமா?

மூன்றாம்_கியர்:

நான்கு கிலோவுக்குள் என்றால் அரைமணி நேரத்தில் பழகிவிடும். ஒன்றுதான் என்றால் இடப்பக்கம் மாட்டுங்கள், வலப்பக்கம் லாரி வரும். நீங்கள் இரண்டாகவே பிரித்து வையுங்கள், ஸ்டாண்ட் போட்டால் சாயாமல் நிற்கும். எம்5 போல்ட் இரண்டு கூடுதலாக வாங்கி டேப் போட்டு ஃபிரேமில் ஒட்டிவிடுங்கள்.