நாடு இழந்த இளவரசி செரஸில் பதுங்க முடியுமா? கணக்கு சரிபார்க்க உதவி தேவை

வால்மீன்:
விண்வெளித் தொடர்கதை ஒன்று. செவ்வாயில் முடியாட்சி கவிழ்கிறது. தலைக்கு விலை வைக்கப்பட்ட இளவரசி 40 பேரோடு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே விண்கல் பட்டையில் இருக்கும் குறுங்கோளான செரஸ் பக்கம் ஓடிவந்து, போகிற வருகிற சரக்குக் கப்பல்களை மடக்கிப் பிழைக்கிறாள். எஞ்சினை அணைத்துவிட்டு இருட்டில் மிதந்தால் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாமா? மூச்சுக்காற்றுக்கு என்ன வழி? கொள்ளை நடக்கிற காரியமா?

வெப்பப்பொறி:
எஞ்சினை அணைத்துப் பயனில்லை, காட்டிக்கொடுப்பது சூடு. கப்பலுக்குள் 20 டிகிரியாவது இருக்கணும். பின்னால் இருக்கும் வானமோ 2.7 கெல்வின், அதாவது மைனஸ் 270 டிகிரி. 40 பேரின் உடம்புச் சூடே 4 கிலோவாட். பம்பு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 200 கிலோவாட் என்று வையுங்கள். 20 டிகிரியில் இருக்கும் தகடு சதுர மீட்டருக்கு 418 வாட்தான் வெளியே தள்ளும். ஆக, கிட்டத்தட்ட 480 சதுர மீட்டர் ரேடியேட்டர் வேண்டும். அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கு அது மலைமேல் ஏற்றிய கார்த்திகை தீபம். மடக்கி வைத்தாலோ உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள்.

மிதக்க விடாமல் புதைத்துவிடுங்கள். செரஸின் தரைக்கடியில் பனிக்கட்டி உண்டு. ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். 200 கிலோவாட்டைக் கொட்டினால் நாளைக்கு 52 டன் வரை உருகும். (உறைந்து கிடக்கும் பனியை முதலில் பூஜ்ஜிய டிகிரிக்குக் கொண்டுவரவே கொஞ்சம் சூடு செலவாகும், அதனால் அசல் கணக்கு இதைவிடக் குறைவு.) உருகிய நீர் மேலே கசிந்தால் வெற்றிடத்தில் உடனே ஆவியாகிவிடும், மாட்டிக்கொள்வது அங்கேதான். ஆனால் செரஸிலிருந்து நொடிக்குச் சுமார் 6 கிலோ நீராவி வருவதை ஹெர்ஷல் விண்தொலைநோக்கி கண்டதாக 2014இல் அறிவித்தார்கள். சின்னக் கசிவு என்றால் செரஸே விடுகிற மூச்சு என்று துரத்துபவர்கள் விட்டுவிடலாம். ஒரு அத்தியாயத்துக்குத் தேறும்.

குமிழி:
காற்று பிரச்சினையே இல்லை. ஆளுக்கு நாளைக்கு 0.84 கிலோ ஆக்சிஜன், 40 பேருக்கு 34 கிலோவுக்குள். 38 லிட்டர் தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்தால் போதும். 9 கிலோவாட் போல இழுக்கும். வெளிவிடுகிற 40 கிலோ கரியமில வாயுதான் தலைவலி. அதை உறிஞ்ச லித்தியம் ஹைட்ராக்சைடு என்றால் தினமும் 44 கிலோ வீணாகும், அதை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். வழக்கமான வேலைக்கு, சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தும் ஜியோலைட் (வாயுவைப் பிடித்துவைக்கும் கனிமம்) படுகை. அது ஈரம் குடித்தால் வாயுவைப் பிடிக்காது. முன்னால் உலர்த்தி கட்டாயம். உலர்த்தி பழுதானால் முதல் அறிகுறி எல்லோருக்கும் தலைவலி.

உணவு, உலர் எடையில், வருஷத்துக்கு 9 டன். நியாயமாக இவர்கள் கொள்ளையடிக்க வேண்டியது தங்கமில்லை. சோறு, மருந்து, கசிவை அடைக்கும் கேஸ்கெட்.

துறைமுகம்:
நடுவழியில் மடக்குவதை விட்டுவிடுங்கள். நொடிக்கு 5 கி.மீ. வித்தியாசத்தில் போகும் கப்பலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க 5, திரும்பி வர 5. வாயுவை நொடிக்கு 4.4 கி.மீ. வேகத்தில் தள்ளும் ஹைட்ரஜன் எஞ்சினில் புறப்படும் எடையில் 90 சதவீதம் எரிபொருளாகிவிடும். செரஸை நெருங்கி வேகம் குறைக்கும் கப்பலைத்தான் பிடிக்க முடியும். அங்கே விடுபடு வேகமே (ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான வேகம்) நொடிக்கு அரை கி.மீ.தான்.

அரசியலுக்கு இளவரசர் ரூபர்ட்டைப் பாருங்கள். 1649இல் மாமனான இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை போனபின், அரச தரப்புக் கப்பல்களை வைத்துக் கடற்கொள்ளை நடத்தியவர். லிஸ்பனில் போர்ச்சுகல் மன்னர் இடம் கொடுத்தார். 1650இல் எதிர்த்தரப்பான நாடாளுமன்றத்தின் கடற்படைத் தளபதி பிளேக் என்ன செய்தார்? துறைமுக வாயிலை அடைத்து, பிரேசிலிலிருந்து வந்த போர்ச்சுகல் கப்பல்களைப் பிடித்தார். அடைக்கலம் கொடுத்தவருக்கு வலித்ததும் ரூபர்ட் கிளம்ப வேண்டியதாயிற்று. 1652இல் கரீபியன் புயலில் தம்பி மோரிஸும் போனார். உங்கள் கதையிலும் எதிரி இளவரசியைத் தேடவே வேண்டாம், அவளிடம் சரக்கு வாங்குபவனை நெருக்கினால் போதும்.

வால்மீன்:
புதைத்தாயிற்று. விண்கற்களுக்கு நடுவே வளைந்து வளைந்து துரத்தும் காட்சி ஒன்று எழுதி வைத்திருக்கிறேனே?

வெப்பப்பொறி:
வெட்டுங்கள். பயனியர் 10 விண்கலம் 1972-73இல் அந்த விண்கல் பட்டையைக் குறுக்கே கடந்தது, ஒரு கல்லையும் விலகிப் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கல்லைப் பார்க்கவே தொலைநோக்கி வேண்டும்.