டெல்லி–காத்மாண்டு விமானம்: இமயமலை தெரிய ஏ சீட்டா, எஃப் சீட்டா?

கோவைக்காரன்:
அக்டோபர் கடைசியில அப்பாவைக் காத்மாண்டு கூட்டிட்டுப் போறேன். அவருக்கு 72 வயசு. பசுபதிநாதர் தரிசனம்னு சொல்றாரு, ஆனா நிஜ ஆசை விமானத்துல இருந்து இமயமலையைப் பாக்கணும்ங்கறதுதான். டெல்லியில இருந்து காலை விமானம், திரும்புறது மதியம். ரெண்டுக்குமே 11ஏ எடுத்து, சீட்டுக்குத் தனியா காசும் கட்டிட்டேன். போன வருஷம் வேற ஒரு ஊருக்கு இப்படித்தான் காசு கட்டிப் போய் உக்காந்தா, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்துல வெறும் சுவர். இந்த 11ஏ சரியா வருமா? எவரெஸ்ட் தெரியுமா?

மலைப்பித்து:
போறப்ப ஏ சரி. திரும்புறப்ப தப்பு. டெல்லியில இருந்து கிழக்கே போறீங்க, மலை வடக்குல, அதாவது உங்க இடது கைப்பக்கம். திரும்பும்போது அதே மலை வலது பக்கம் வந்துடும், அதனால எஃப் எடுங்க. அக்டோபர் காலை வெயில் தென்கிழக்குல இருந்து வரும். ஏ பக்கம் கண் கூசாது, பனிமேல வெளிச்சமும் நேரா விழும். மதியம் மேகம் ஏறிடும், அதனால வரும்போது ரொம்ப எதிர்பார்க்காதீங்க.

வரிசையா முதல்ல தவளகிரி (8,167 மீ), அடுத்து அன்னபூர்ணா (8,091 மீ), அப்புறம் மனாஸ்லு (8,163 மீ). தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவுல ஒரு பெரிய பிளவு தெரியும், அது காளி கண்டகி ஆத்துப் பள்ளத்தாக்கு. சாளக்கிராமம் கிடைக்கிற ஆறுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு.

எவரெஸ்ட் காத்மாண்டுக்குக் கிழக்கே சுமார் 160 கிமீ. இந்த விமானத்துல அதை நம்பிப் போகாதீங்க.

பழைய பயணி:
அந்தச் சுவர் விஷயம் யாரும் சொல்லலையே. என்ன விமானம்னு டிக்கெட்ல பாருங்க. போயிங் 737-800ஆ இருந்தா, அடியில இருந்து கூரைக்கு ஏசி காத்து கொண்டுபோற குழாய் இடது பக்கச் சுவருக்குள்ள போகும். அந்த இடத்துல ஜன்னல் வைக்க முடியாது. பல கம்பெனிகள்ல 9, 10, 11 வரிசை ஏ சீட்லதான் இந்தக் கூத்து. சீட் படத்துல எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிதான் இருக்கும், எதுவும் காட்டாது. வரிசை எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால அந்தப் பகுதியையே விட்டுடுங்க.

கோவைக்காரன்:
பாத்தேன், 737-800தான்! போன வருஷமும் 10ஏ. இப்பத்தான் புரியுது. அப்ப 14, 15 போடலாமா?

பழைய பயணி:
அங்க இறக்கைதான் தெரியும். இறக்கைக்குப் பின்னால தள்ளி உக்காந்தாலும் என்ஜின் சூட்டுக்காத்துல மலை கானல் மாதிரி நெளியும். 5, 6, 7 பாருங்க, காசு கொஞ்சம் கூட ஆனாலும்.

ஜன்னலோரம்:
நான் பின்வரிசைக் கட்சி. இறக்கை முனை ஒரு ஓரமா இருந்தாத்தான் படம் விமானத்துல எடுத்ததுன்னு தெரியும். கேமரா லென்ஸ்ல போலரைசர் (கூசுற வெளிச்சத்தைக் குறைக்கிற ஃபில்டர்) மாட்டிடாதீங்க, ஜன்னல் பிளாஸ்டிக்ல வானவில் வானவில்லா திட்டு விழும். போனை ஜன்னலை ஒட்டிப் பிடிங்க, கறுப்புச் சட்டை போட்டுட்டுப் போங்க. வெள்ளைச் சட்டை கண்ணாடியில எதிரொளிக்கும்.

மலைப்பித்து:
எவரெஸ்ட் பாத்தே ஆகணும்னா, காத்மாண்டுல இருந்து காலையில ஒரு மணி நேர மலை விமானம் விடறாங்க. எல்லாருக்கும் ஜன்னல் சீட்டுதான். போகும்போது இடது பக்கத்துக்காரங்க பாப்பாங்க, திரும்பும்போது வலது பக்கத்துக்காரங்க. மேகம் இருந்தா கிளம்பாது, அதனால கடைசி நாளுக்குத் தள்ளி வைக்காதீங்க.

கோவைக்காரன்:
போறதுக்கு 6ஏ, வர்றதுக்கு 6எஃப் மாத்தியாச்சு. மலை விமானத்தை ரெண்டாவது நாள் வெச்சிருக்கேன். எல்லாருக்கும் நன்றி. நடு சீட்டு எனக்கு. அப்பா தலை மறைக்காம இருந்தா படம் போடறேன்.