ஜெபிக்க ஜெபிக்கப் பதற்றம் கூடுகிறது என்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

வீட்டுக்கூட்டம்_நாகர்கோவில்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வரும் வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் கவலை, பதற்றம் பற்றிப் பேச வேண்டும். பிலிப்பியர் 4:6, 1 பேதுரு 5:7 இரண்டையும் வாசித்து, "ஆகவே கவலைப்படாதிருங்கள்" என்று முடித்தால் யாருக்கும் பிரயோஜனம் இருக்காது. வருகிறவர்கள் கேட்பது வேறு. ராத்திரி 2 மணிக்கு முழிப்புத் தட்டினால் ஜெபிக்கிறோம், ஜெபிக்க ஜெபிக்கப் படபடப்பு ஏறுகிறதே, ஏன்? கவலைப்படுவதே பாவமா? டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் விசுவாசக் குறைவா? எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சங்கீதம்_94

பிரதர், இரண்டாவது கேள்வியை முதலில் எடுங்கள். அந்தக் குற்றவுணர்வு போகாமல் மற்றது எதுவும் காதில் ஏறாது.

பிலிப்பியர் 4:6-ல் "கவலைப்படாமல்" என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல் மெரிம்னாவோ. அதே நிருபம் 2:20-ல், தீமோத்தேயு உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்கிறவன் என்று பவுல் மெச்சுகிற இடத்திலும் அதே சொல்தான். 2 கொரிந்தியர் 11:28-ல் எல்லாச் சபைகளையும் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று அவரே எழுதுகிறார். கவலை வந்ததற்காக அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. வந்ததை எங்கே கொண்டுபோவது என்று சொல்கிறார்.

பேதுரு சொல்வது இன்னும் தெளிவு. "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற வசனத்தில் "வைத்துவிடுங்கள்" என்பதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: லூக்கா 19:35, கழுதைக்குட்டியின்மேல் வஸ்திரங்களைப் போட்டார்களே, அங்கே. சுமக்கிற ஒன்றின் முதுகில் கையிலிருப்பதை எடுத்துப் போடுவது. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒரு அழகும் இருக்கிறது. சங்கீதம் 94:19 "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்" என்கிறது. பேதுரு "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்கிறார். நம் விசாரமும் அவர் விசாரிப்பும் ஒரே சொல். பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், தமிழ் தெரிந்த யாருக்கும் உடனே பிடிபடும்.

இப்போது 2 மணி ஜெபம். "ஆண்டவரே, மகனுக்கு வேலை கிடைக்கலைன்னா? வீட்டுக் கடன் கட்ட முடியலைன்னா? அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா?" வாக்கியம் ஒவ்வொன்றும் "ன்னா?" என்று முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால், அது முன்னால் "ஆண்டவரே" ஒட்டிய அதே கவலைதான். பயத்தை மறுபடி மறுபடி படம் ஓட்டுகிறோம், உடம்பு அதை நிஜம் என்று எடுத்துக்கொள்கிறது, படபடப்பு ஏறுகிறது.

மாற்று வழி சாயங்காலமே தொடங்க வேண்டும். 6 மணியிலிருந்து 7-க்குள் 15 நிமிடம், கையில் ஒரு நோட்டு. கவலை ஒன்றுக்கு ஒரு வரி. "பொருளாதாரத் தேவை" என்று எழுதக் கூடாது. "15-ஆம் தேதி கட்ட வேண்டிய 8,400 ரூபாய் தவணை" என்று எழுத வேண்டும். மொட்டையாக எழுதினால் ஜெபமும் மொட்டையாகப் போய் மனசு அடங்காது. பக்கத்தில் நாளைக்கு நான் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம்: வங்கிக்குப் போய்ப் பேசுவது, மச்சானைக் கேட்பது. எதுவும் இல்லையென்றால் கோடு போட்டுவிட்டு ஒரே வாக்கியத்தில் ஜெபம். கடைசியாக ஸ்தோத்திரம் (நன்றி) மூன்று, மூன்றும் அன்றைக்கு நடந்ததாக இருக்கட்டும். "எல்லா நன்மைகளுக்காகவும்" என்பது வாயில் வரும், மனசைத் தொடாது.

ராத்திரி முழித்தால் புதிதாக ஜெபம் தொடங்க வேண்டாம். "அது நோட்டில் எழுதிக் கொடுத்தாச்சு ஆண்டவரே" என்ற ஒரு வரி போதும். 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து நாற்காலியில் மங்கிய வெளிச்சத்தில் உட்காரலாம். அச்சுப் புத்தக வேதாகமம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போனில் வேதாகமம் திறந்தவர்கள் ஐந்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் இருப்பார்கள்.

இரவுப்பணி_செவிலி

உடம்பு பக்கத்தை நான் சொல்கிறேன் அண்ணா.

திடீர்ப் பதற்றம் வந்தவுடன் "நல்லா மூச்சை இழுத்து விடு" என்கிறார்கள். பயத்தில் இருப்பவர் வேகமாக, ஆழமாக இழுப்பார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். அதைப் பிசாசின் தாக்குதல் என்று நினைத்துச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தால் பயம் இன்னும் ஏறும். மெதுவாக இழுக்க 4 எண்ணிக்கை, விட 6. எண்ணுவதற்குப் பதிலாகச் சங்கீதம் 56:3-ஐ வைத்துக்கொள்ளலாம்: இழுக்கும்போது மனசுக்குள் "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". முதல் பாதியிலேயே பயம் ஒத்துக்கொள்ளப்படுகிறது, அதனால் இந்த வசனம் பொருந்தும். ஐந்து நிமிடம் செய்யட்டும். நன்றாக இருக்கிற நாட்களிலும் தினம் இரண்டு வேளை பழகியிருந்தால்தான் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும். பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிவிடும். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆனால் முதல் தடவை நெஞ்சுவலி, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் பதற்றம் என்று முடிவு கட்டாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுக்கட்டும், ஜெபம் வண்டியிலும் செய்யலாம்.

உபவாசமும் கவனிக்க வேண்டியது. வெறும் வயிற்றில் காபியோடு நிறுத்தினால் 11 மணிக்குக் கை நடுக்கம், படபடப்பு வரும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து. இரவு முழுக்க விழித்து ஜெபிக்கும் கூட்டமும் பதற்றம் உள்ளவர்களுக்கு உதவாது, தூக்கம் கெட்டால் மறுநாள் பதற்றம் கூடும். இனிப்பையோ போனையோ விடுகிற உபவாசம் போதும். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள், இரண்டும் படபடப்பு தரும்.

செபமாலை_மதுரை

கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து இரண்டு காரியம்.

வார்த்தை வராத நேரத்தில் திருப்பாடல் 13 (நீங்கள் சங்கீதம் என்பது). ஆறே வசனம். முதலில் "எதுவரை?" என்ற முறையீடு, பிறகு வேண்டுதல், கடைசியில் நம்பிக்கை. இந்த வரிசையில் முதல் பகுதியைத் தாண்டிக் குதிக்காமல் இருப்பது முக்கியம். நன்றி சொல்ல மனம் வராத நாளில் திருப்பாடல் 88 இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது, அதையும் திருச்சபை செபமாக வைத்திருக்கிறது.

இரண்டாவது, செபமே நோயாகிற நிலை. "அருள்நிறை மரியே" சொல்லும்போது கவனம் சிதறிவிட்டது என்று செபமாலையின் அந்தப் பத்து மணிகளை மறுபடி தொடங்குவது, பாவசங்கீர்த்தனத்தில் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவதில்) ஒன்றை விட்டுவிட்டேனோ என்று மறுநாளே திரும்பப் போவது. இதற்கு இன்னும் செபிக்கச் சொல்வது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே வேதனையில்தான் கிடந்தார்; தெளிவாகத் தெரிகிற பாவம் தவிர பழையதைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்று குருவானவர் அவருக்குக் கட்டளையிட்டார். இன்றைக்கும் வழி அதுதான்: ஒரே குருவானவர், ஒரு தடவை, திரும்பச் சொல்வதில்லை. அதோடு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும், இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

வீட்டுக்கூட்டம்_நாகர்கோவில்

மிக்க நன்றி. செபமாலை ஐயா சொன்னது எங்கள் பக்கத்திலும் உண்டு, வேறு வடிவில். வாக்குத்தத்த வசன அட்டையை (பெட்டியிலிருந்து எடுத்து, அதில் உள்ள வசனத்தைக் கடவுள் தனக்குத் தந்த வாக்காக ஏற்கும் அட்டை) நல்ல வசனம் வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். மாத்திரை பற்றி யாராவது சொல்லுங்கள். நிறுத்திவிட்டுச் சாட்சி சொன்னால் சுகம் நிலைக்கும் என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இரவுப்பணி_செவிலி

அவரிடம் இன்றைக்கே பேசுங்கள் அண்ணா, வெள்ளிக்கிழமை வரை வைக்க வேண்டாம். பதற்றத்துக்குத் தினமும் கொடுக்கிற மாத்திரைகள் பல, வேலை செய்யவே இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரும். தூக்கத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக் கொடுத்த டாக்டர் மூலமாக மட்டும்.

வேலூர் சி.எம்.சி. ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பாகாயத்தில் அதன் மனநல மையம் இருக்கிறது. ஜெபமும் மருந்தும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கிற இடம் என்று சொல்லுங்கள், சபையில் எடுபடும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்று யாராவது சொன்னால் தனியாக விடாதீர்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

சங்கீதம்_94

வசன அட்டைக்கு: ஜனவரி முதல் தேதி எடுத்த ஒன்றோடு சரி, பெட்டியை வேறொருவர் வீட்டில் வைக்கலாம். அட்டையில் இருக்கும் வசனம் வருகிற அதிகாரம் முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். குறிபார்க்கிற பழக்கம் அதில் கொஞ்சம் தளரும்.

கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். "உங்கள் கவலையைச் சொல்லுங்கள்" என்று வட்டமாகக் கேட்காதீர்கள். சொல்லாதவர் அவிசுவாசி போல் ஆகிவிடுவார், சொன்னது ராத்திரிக்குள் ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் ஓடும். ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள், 15 நிமிடம் மௌனமாக எழுதட்டும். பெயர் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், அவரவர் மடித்து வேதாகமத்தில் வைத்துக்கொண்டு போகட்டும்.